அவள் பெயரில் இல்லாத எண்

தம்பி,

உனக்கும், உன்னோடு ஷார்ஜா அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். உனக்கும் நஸ்ரினுக்கும் நிக்காஹ் நடக்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் நீ ஃபோனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாய், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இது வேறு விஷயம். இரண்டு வருடமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன். ஃபோனில் சொல்லலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். சொன்னால் நீ, "வுடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்பாய். நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன ரம்ஜானில் வீடியோவில் பேசும்போது கடையைக் காட்டச் சொன்னாய். காட்டினேன். "சிம் கார்டு போர்டு எங்கம்மா, காணோம்" என்று கேட்டாய். காத்துல விழுந்துடுச்சு என்றேன். அது காற்றில் விழவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றினேன். நம் கடையில் இப்போது சிம் கொடுப்பதில்லை. ரீசார்ஜ், ஃபோன் கவர், சார்ஜர், அவ்வளவுதான்.

ஜங்ஷன் ரோட்டில் நமக்கு ஒரு கடை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஏன் வந்தது என்று நான் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் உன் அத்தா சவூதியில் இருந்தார். நம் தெருவில் அப்போது ஃபோன் இருந்தது உன் பெரியத்தா வீட்டில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா கூப்பிடுவார். நான் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியத்தா பேசுவார், பெரியம்மா பேசுவார்கள், கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்பேன். அதற்குள் நேரம் ஆகிவிடும். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. அந்த வாரத்து வெள்ளிக்கிழமையும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னேன். உன் அத்தாவுக்கு அது தெரிந்தது பதினாலு மாதம் கழித்து, லீவில் வந்தபோது. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து கடை வைக்கலாம் என்றபோது, எஸ்.டி.டி. பூத் வைக்கச் சொன்னவள் நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற கண்ணாடி அறை இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர் அதற்குள் நின்று அழுதிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டேன். அப்படி இருந்தவள்தான் நான். அதனால்தான் பின்னால் செய்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அமுதா என்று ஒரு பெண். நீ அவளைப் பார்த்திருக்கலாம், பெயர் தெரிந்திருக்காது. கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரி, செராமிக் யூனிட் ஒன்றில் வேலை. அச்சிலிருந்து எடுத்த கோப்பைகளைச் சுடுவதற்கு முன்னால், விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. நாள் முழுக்க அதைத்தான் செய்வாள். ஒன்பது வருடம் முன்பு, கல்யாணம் ஆன புதிதில், புருஷன் ராஜவேலுவோடு நம் கடைக்கு சிம் வாங்க வந்தாள். ஆதார் கார்டு அவள் கையில் இருந்தது. கைரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அந்தக் கை, இந்தக் கை என்று மாற்றி மாற்றி வைத்தாள். களிமண்ணில் தேய்ந்து தேய்ந்து அவள் விரலில் ரேகையே இல்லை. வாசலில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "உங்க வூட்டுக்காரர வைக்கச் சொல்லும்மா. எல்லாம் ஒண்ணுதானே" என்றேன். வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தவன் வந்து, தன் ஆதார் நம்பரைச் சொல்லி விரலை வைத்தான். உடனே பச்சை விளக்கு.

விரல் விழாவிட்டால் கண்ணை வைத்துப் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் காகிதத்தில் எழுதி போட்டோ ஒட்டி அனுப்பலாம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் மட்டும் இல்லை தம்பி, யூனிட் பெண்கள் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் புருஷன் பேரிலும் அண்ணன் பேரிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பிறகு மாதா மாதம் ரீசார்ஜுக்கு வருவாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதையும் கூட்டிக்கொண்டு வருவாள். சில மாதம் கன்னம் வீங்கியிருக்கும், சில மாதம் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பாள். ஒரு முறை, "என்னம்மா இது" என்று கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் பாயம்மா" என்றாள். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நம்பரைத் தட்டினேன். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தட்டி முடித்துவிடுவேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ ஷார்ஜாவுக்குப் போய் ஆறு மாதம் இருக்கும். அமுதா குழந்தையைக் கூட்டிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள் என்று அவளே ஒரு நாள் கடையில் சொன்னாள். யூனிட்டில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறாள். கோர்ட்டில் இலவசமாக வழக்கு நடத்தித் தருகிற வக்கீலம்மா ஒருவரைப் பார்த்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். "அவங்க ஆஃபீஸ்லேருந்து மெசேஜ் வரும் பாயம்மா, ஃபோனு நின்னுடக் கூடாது. மூணு மாசத்துக்குப் போட்டு வுட்டுடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ராஜவேலு வந்தான். லாரி ஓட்டுகிறவன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"பாயம்மா, அமுதா ஃபோன தொலைச்சுட்டா. நம்பரு என் பேர்லதான இருக்குது. ஒரு டூப்ளிகேட் சிம் போட்டுக் குடுங்க."

"அமுதா வரலியா?"

"கோவமா இருக்குது. எங்க அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு பேச்சு. வெள்ளிக்கிழம பெரியவங்கள கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசி அழைச்சுக்கிட்டு வரலாம்னு இருக்கேன். நீங்களே சொல்லுங்க, புள்ளைய வெச்சிக்கிட்டு எத்தினி நாளு வெளியில இருக்கறது?"

ஃபோன் தொலையவில்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. முந்தாநாள்தான் என் கண் முன்னால் அவள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள். இருந்தும் மெஷினை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். ஏன் என்று இரண்டு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பர் அவன் பேரில் இருக்கிறது, சட்டப்படி நான் மறுக்க முடியாது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். பயமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேறு. அவன் பணிவாகப் பேசினான். ஒரு குடும்பம் சேருவதற்கு நம் கையால் ஒரு உதவி என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அவன் விரலை வைத்தான். பச்சை விளக்கு. புது சிம் ஓட ஆரம்பித்தால் அவளிடம் இருக்கும் சிம் செத்துவிடும். கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் யூனிட்டிலிருந்து ஓடி வந்தாள் அமுதா. கையில் இன்னும் மண் காயாமல் இருந்தது. ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"பாயம்மா, நேத்து இங்கிலீஷ்ல ஏதோ ஒரு மெசேஜ் வந்துச்சு. அதுக்கப்புறம் டவரே வரல. வாட்ஸப்பும் போவல. என்னான்னு பாருங்க."

வாங்கிப் படித்தேன். உங்கள் எண்ணுக்குப் புது சிம் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை என்றால் உடனே தெரிவிக்கவும் என்று இருந்தது. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நீ சொல்லிக் கொடுத்ததுதான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி அறையின் பழைய கதவை இன்னும் சாய்த்துதான் வைத்திருந்தேன். அதில் என் முகம் எனக்கே தெரிந்தது.

"கம்பெனி விளம்பரம்மா. டவர் கோளாறுன்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு நாள்ல வந்துடும்" என்றேன்.

"சரிங்க பாயம்மா" என்று போய்விட்டாள்.

முதல் நாள் செய்தது தெரியாமல் செய்தது என்று யாராவது எனக்காகப் பேசலாம். இரண்டாவது நாள் செய்ததற்கு யாரும் பேச முடியாது. அவள் என்னிடமே வந்து, என்னிடமே நீட்டி, என்னிடமே கேட்டாள். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "கடை எப்படிம்மா இருக்குது" என்றாய். "நல்லா இருக்குது" என்றேன்.

ராஜவேலு அந்த நம்பரைத் தன் ஃபோனில் போட்டுக்கொண்டு நாலைந்து நாள் அமுதாவாக இருந்திருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. யூனிட் சூப்பர்வைசருக்கு அவள் எழுதுவது போல, இனி வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறான். அவள் நேரில் போய் நின்றபோது, "நீதானம்மா வரலன்னு மெசேஜ் போட்ட, வேற ஆளு போட்டாச்சு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சித்திக்கும் மாமன் மகளுக்கும், நான் புருஷனோடு சேர்ந்துவிட்டேன், யாரும் என்னைத் தேடி வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். அவர்களும், நல்லது என்று இருந்துவிட்டார்கள். கடைசியாக வக்கீலம்மா ஆஃபீஸிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு கோர்ட்டுக்கு வரவும் என்று. சரி மேடம் என்று பதில் போட்டிருக்கிறான்.

அமுதாவுக்குச் செய்தி கிடைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அறையில் கூட இருந்த பெண் ஒருத்தி கோர்ட்டுப் பக்கம் போனபோது, தேதியைக் கேட்டு வந்து சொல்லிவிட்டாள். செவ்வாய் காலை குழந்தையை ஸ்கூலில் விடக் கூட்டிக்கொண்டு, அப்படியே கோர்ட்டுக்குப் போகலாம் என்று கிளம்பியிருக்கிறாள். பாலக்கரையில் பஸ் நிற்கும் இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருக்கிறான். குழந்தை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வுடுப்பா, வுடுப்பா" என்று கத்தியதாம். ஆட்டோக்காரர்கள் ஓடி வந்து பிரிப்பதற்குள் மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்தது அந்த அறைத்தோழி ரீசார்ஜுக்கு வந்தபோது. "எப்படிங்க அவனுக்குத் தெரிஞ்சுது, அதான் புரியல" என்றாள். எனக்குப் புரிந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். முதல் நாள் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் குழந்தை, "பாயம்மா வந்திருக்காங்க" என்று அம்மாவை எழுப்பியது. அந்தக் குழந்தையின் குரலைக் கேட்டதும் கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாள் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அமுதா அழவில்லை, திட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்து கேட்டப்ப குடுத்தீங்க. அது சரி பாயம்மா, அவன் பேர்ல இருக்குது, குடுத்தீங்க. நான் வந்து கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருந்தா நான் பத்திரமா இருந்திருப்பேனே."

பிறகு அவளே சொன்னாள்: "எனக்கு அந்த நம்பரு வேணும். வாங்கிக் குடுங்க."

எல்லோரும் புது நம்பர் வாங்கிக்கொள் என்றுதான் அவளிடம் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னார்கள். நானும் சொன்னேன், அவன் தொல்லை இல்லாமல் இருக்கும் என்று. அவள் தலையை ஆட்டினாள். "எங்க ஊரு நெலத்த சொரங்கத்துக்கு எடுத்தப்ப, சொந்தக்காரங்க ஆளுக்கொரு பக்கமா போயிட்டாங்க. பாதிப் பேரு எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்கற அவங்க நம்பரெல்லாம் மாறிப்போச்சு. ஆனா அவங்க எல்லார்கிட்டயும் என் நம்பரு இருக்குது. ஒரு சாவு, ஒரு கல்யாணம்னா அதுலதான் கூப்புடுவாங்க. பேங்க்கு, ஆதாரு, புள்ள ஸ்கூலு எல்லாம் அதுலதான். அவன் என்னைய அடிச்சான், வூட்ட வுட்டு வந்தேன். நம்பரையும் அவங்கிட்டயே வுட்டுட்டு வரணுமா?"

வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். சிறு வயதுப் பெண்தான், நஸ்ரினைவிட ஏழெட்டு வயது மூத்திருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "சிம் தொலையலன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?" என்றார். அப்படி எழுதிக் கொடுத்தால்தான் அவன் பொய் சொல்லி வாங்கினான் என்று நிற்கும், அந்த நம்பரை வைத்து என்ன செய்தான் என்பதும் வழக்கில் வரும். எனக்கும் அதில் சங்கடம் வரலாம் என்று மறைக்காமல் சொன்னார். இரண்டு நாள் டைம் கேட்டேன். உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. உன் அத்தா இல்லாத வீட்டில் யாரைக் கேட்பது, பெரியத்தாவிடம் யோசனை கேட்டேன். "நமக்கெதுக்கு இது? கோர்ட்டு, ஸ்டேஷன்னு நீ ஏறி இறங்கினா நாளைக்கு புள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்றார். அவர் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நல்லா இருக்கேன் என்று சொன்ன அதே கூடம். எழுந்து நேராகப் போய் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் யோசித்தது உன் கல்யாணத்தைத்தானே தவிர, அவள் கையை அல்ல.

எழுதிக் கொடுத்த பத்தாம் நாள் சிம் கொடுக்கும் அனுமதியை கம்பெனி நிறுத்திவிட்டது. போர்டைக் கழற்றினேன். ராஜவேலு கடைக்கு வந்து நின்றான். அன்றைக்கும் குரல் உயரவில்லை. "நான் என்ன திருடினேன் பாயம்மா? என் பேர்ல போட்டது நீங்கதான். என் வெரல வெக்கச் சொன்னதும் நீங்கதான்" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பிரச்சனை வந்தது. அந்த நம்பரை அவன் உபயோகிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் சொன்னதும், ஆத்திரத்தில் சிம்மை உடைத்து எறிந்துவிட்டான். மூன்று மாதம் ஒரு நம்பர் சும்மா கிடந்தால் கம்பெனி அதை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். பிறகு கோர்ட்டே சொன்னாலும் திரும்பாது. ஒரு நம்பருக்கு யார் வேண்டுமானாலும் ரீசார்ஜ் போடலாம் அல்லவா? மாதா மாதம் முதல் தேதி கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதற்குப் போட்டேன். கேட்பாரில்லாத நம்பர். கூப்பிட்டுப் பார்த்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு வைப்பேன்.

நாலரை மாதம் ஆனது. நம்பரை மனைவி பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட வேண்டும் என உத்தரவு வந்தது. கம்பெனி ஷோரூமில் வக்கீலம்மாவின் குமாஸ்தா அவன் பக்கத்தில் நின்றார். அவன் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போனான். பிறகுதான் வெளியே நின்ற அமுதாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். மெஷினில் அவள் விரல் விழவில்லை. கவுண்டரில் இருந்த பையன், "உங்க வூட்டுல வேற யாராவது இருக்காங்களா மேடம்?" என்று கேட்டான். "வேற யாரும் வேணாம் தம்பி. காயிதத்துல எழுது. போட்டோ எடு. எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கோம்" என்றேன். நாற்பது நிமிஷம் ஆனது.

மறுநாள் நம்பர் வேலை செய்தது. அமுதா நம் கடைக்கு வந்து, அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இடது கையில்தான் ஃபோனைப் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை, இப்போதும் முழுசாகத் திரும்பாது. சித்தியைக் கூப்பிட்டாள். "நான்தான் அமுதா. புருஷனோட சேர்ந்துட்டேன், வராதீங்கன்னு வந்துச்சே, அத எழுதினது நான் இல்ல." மாமன் மகளைக் கூப்பிட்டாள். "அது நான் இல்ல." ஸ்கூல் டீச்சரை, யூனிட் சூப்பர்வைசரை, பழைய பக்கத்து வீட்டுக்காரியை. பதினேழு பேர். எல்லோரிடமும் அதே வார்த்தை, அதே நிதானம். நான் சார்ஜர்களை எடுத்து அடுக்குவதும், கலைத்து மறுபடி அடுக்குவதுமாக இருந்தேன். முடித்துவிட்டு எழுந்தாள். "வரேன் பாயம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நம் கடைக்கு வந்ததில்லை. எதிர்ப்பக்கம் இருக்கிற கடையில்தான் ரீசார்ஜ் போட்டுக்கொள்கிறாள். வேறு யூனிட்டில், கோப்பைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சாயங்காலம் குழந்தையோடு நம் வாசலைத் தாண்டிப் போவாள். குழந்தை கை காட்டும். அவள் காட்ட மாட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் கூப்பிட்டு நிறுத்தி மன்னிப்புக் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு இப்போது புத்தி இருக்கிறது.

இப்போது நான் ஒன்று செய்கிறேன். ரீசார்ஜுக்கு வருகிற பெண்களிடம், "இந்த நம்பரு யாரு பேர்லம்மா இருக்குது?" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் புருஷன் பேரையோ அண்ணன் பேரையோ சொல்வார்கள். வீட்டில் நல்லபடியாக இருக்கும்போதே, ஒரு கையெழுத்துதானே என்று சிரித்துக்கொண்டே கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அடி விழ ஆரம்பித்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது. கிளம்பி வந்துவிட்டவள் என்றால் என்ன மெசேஜ் வந்தாலும் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டு, டவர் போனால் அன்றைக்கே கேள், ஒருத்தர் சொன்னால் நம்பாதே, இன்னொருத்தரிடமும் கேள் என்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதுவரை எட்டுப் பெண்களோடு கடையைச் சாத்திவிட்டு ஷோரூமுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதில் மூன்று பேர், அமுதா சொல்லி வந்தவர்கள். அதை அவர்கள்தான் சொன்னார்கள், அவள் சொல்லவில்லை.

தம்பி, போன வெள்ளிக்கிழமை நீ ஃபோனில் ஒன்று கேட்டாய். "நஸ்ரின் பழைய நம்பர வுட்டுடட்டும்மா. அது அவங்க அத்தா பேர்ல இருக்குது. என் பேர்ல புதுசா ஒண்ணு எடுத்துக் குடு, மாசா மாசம் நானே பாத்துக்கறேன்." ஆசையாகத்தான் கேட்டாய். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை என்று எனக்குத் தெரியும். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் எடுக்கவில்லை. பெண்ணாடத்துக்குப் போய் அவள் அத்தாவிடம் பேசினேன். "பொண்ணு பேருக்கு எதுக்கு சம்பந்தி, இன்னும் ஆறு வாரத்துல ஒங்க வூட்டுப் புள்ள" என்றார். இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வைத்திருக்கிற அதே நம்பர், இப்போது அவள் பெயரில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டுச் செய்ய வேண்டிய விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

முந்தாநாள் துணி எடுக்க அவளும் அவள் அம்மாவும் இங்கே வந்தார்கள். டீ கொடுத்தேன். எதற்காக இந்த மாமி இப்படி அலைகிறாள் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா, உனக்கு இங்கே எழுதியதை எல்லாம் நஸ்ரினிடம் சொன்னேன். உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "மாமி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "கேளும்மா" என்றேன்.

"நாளைக்கு ஒங்க புள்ள ஒங்ககிட்ட வந்து, நஸ்ரின் எங்க இருக்கா, யார்கிட்ட பேசுறான்னு பாத்துச் சொல்லும்மான்னு கேட்டா, என்ன செய்வீங்க?"

அவள் அம்மா பதறிப்போய், "என்னடி பேச்சு இது" என்று அவள் தொடையில் கிள்ளினாள். நான், சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன் முகம் குறுக்கே வந்து நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். அடுத்த முறை அந்த நேரம் எனக்குப் பிடிக்கக் கூடாது. நீ அப்படிக் கேட்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ராஜவேலுவின் அம்மாவுக்கும் தன் பிள்ளையைப் பற்றி அப்படித்தான் தெரிந்திருக்கும்.

உன் அம்மா